கேள்வி – பதில்: ‘டே பிரேக்’ தொடரும் டைம் லூப் கணக்கும்

ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும் டைம் லூப் கதைகளைப் பற்றி முன்பு எழுதியபோது ‘டே பிரேக்’ என்ற அமெரிக்கத் தொடரை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கேட்டவர்களுக்கான பதில்கள் இந்த இதழில்.

‘டே பிரேக்’ என்ன கதை? முடிவைப் போட்டு உடைக்காமல் சொல்லவும். (மதுரை வாசகர்)

பிரெட் ஹாப்பர் ஒரு லாஸ் ஏஞ்சல்ஸ் துப்பறிவாளர். காலையில் காதலி ரீட்டாவின் வீட்டில் கண் விழிக்கிறார். கொஞ்ச நேரத்திலேயே ஆல்பர்ட்டோ கார்ஸா என்ற உதவி அரசு வழக்கறிஞரைக் கொன்ற பழி அவர் தலையில் விழுகிறது. ஆதாரங்கள் கச்சிதமாக ஜோடிக்கப்பட்டிருக்கின்றன. இரவுக்குள் முகம் தெரியாத ஆட்கள் அவரைக் கடத்திப்போய், ஒரு கல்குவாரியில் வைத்து அடித்து, ரீட்டாவுக்கு என்ன ஆயிற்று என்று காட்டுகிறார்கள். பழியை ஏற்றுக்கொள், இல்லையென்றால் உன்னைச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாவார்கள் என்பது மிரட்டல். நினைவு தப்புகிறது. கண் திறந்தால் அதே கட்டில், அதே காலை, பக்கத்தில் உயிரோடு ரீட்டா.

பால் ஸ்பிஷெவ்ஸ்கி உருவாக்கிய தொடர். முதல் எபிசோடை இயக்கியவர் ராப் போமன். ஹாப்பராக டே டிக்ஸ், ரீட்டாவாக மூன் பிளட்குட். ரீட்டாவின் முன்னாள் கணவராக, ஹாப்பரின் பழைய கூட்டாளியாக, இப்போது போலீஸாரையே விசாரிக்கும் உள் விசாரணைப் பிரிவுக்காரராக ஆடம் பால்ட்வின். ஒரே ஆளுக்குள் மூன்று பகையை அடைத்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அது திரைக்கதைச் சிக்கனம். குவாரியில் நின்று மிரட்டுபவர் ஜோனதன் பேங்க்ஸ். ‘பிரேக்கிங் பேட்’ பார்த்தவர்களுக்கு மைக் என்றால் தெரியும்.

எடுத்தது 13 எபிசோடு. அமெரிக்காவின் ஏபிசி சானலில் ஒளிபரப்பானது 6.

நல்ல தொடர் என்கிறீர்கள். அப்புறம் ஏன் ஆறோடு நிறுத்தினார்கள்? (திருப்பூர் வாசகி)

நல்ல தொடர் என்பதும் ஓடுகிற தொடர் என்பதும் வேறு வேறு சமாசாரம். இது விழுந்த விதத்தைப் புரிந்துகொள்ள, எந்த இடத்தில் வைத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

2006-இல் ஏபிசியின் பெரிய சரக்கு ‘லாஸ்ட்’ என்ற மர்மத் தொடர். அதன் மூன்றாவது சீசனை ஒரேயடியாக ஓட்டாமல் இரண்டாக வெட்டினார்கள். அக்டோபர் தொடங்கி நவம்பர் 8 வரை ஆறு எபிசோடு. மிச்சம் 2007 பிப்ரவரி 7 முதல். நடுவில் மூன்று மாத இடைவெளி. அந்தப் பள்ளத்தை நிரப்ப, அதே புதன் இரவு 9 மணிக்கு வந்தது ‘டே பிரேக்’. நவம்பர் 15 அன்று முதல் இரண்டு எபிசோடையும் சேர்த்து இரண்டு மணி நேரமாகப் போட்டார்கள். டிசம்பர் 13-இல் ஆறாவது. அதற்குப் பிறகு சானலில் இடமில்லை. மீதி ஏழும் மறு ஆண்டு ஏபிசியின் இணையதளத்துக்குப் போயின.

முதல் கோளாறு, யாருடைய நாற்காலியில் உட்கார வைத்தார்கள் என்பது. ‘லாஸ்ட்’ ரசிகர்கள் ஏற்கெனவே தொடரைப் பாதியில் நிறுத்திய கடுப்பில் இருந்தார்கள். அவர்களிடம் இன்னொரு முடிச்சுக் கதையை நீட்டி, இதை மூன்று மாதம் அவிழ்த்துக்கொண்டிருங்கள் என்றால் எப்படி? எதிர்ச் சானலான சிபிஎஸ்ஸில் அதே நேரத்துக்கு ‘கிரிமினல் மைண்ட்ஸ்’. வாரம் ஒரு குற்றம், வாரம் ஒரு தீர்வு. ஒரு வாரம் விட்டாலும் குடி முழுகிப்போகாது.

இரண்டாவது கோளாறுதான் உண்மையான கோளாறு. டைம் லூப் கதையில் நாயகனைத் தவிர எல்லாருக்கும் எல்லாம் மறந்துபோகும். முந்தைய சுற்றில் நடந்தது அவருக்கும் பார்வையாளருக்கும் மட்டும்தான் தெரியும். சினிமா என்றால் இரண்டு மணி நேரம் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். வாரம் ஒரு முறை வரும் தொடரில், நாயகனுக்கு நேற்று நடந்தது பார்வையாளருக்குப் போன புதன்கிழமை நடந்தது. ஹாப்பர் ஒரு ஆளைப் பார்த்ததும் முகம் மாறுகிறார் என்றால், ஏன் மாறுகிறார் என்பது மூன்று வாரத்துக்கு முந்தைய எபிசோடில் இருக்கும். சாதாரணத் தொடரில் இந்த மாதிரி இடத்தை வசனத்தில் நிரப்பிவிடலாம். ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்திடம் ‘போன தடவை நீ என்ன செய்தாய் தெரியுமா’ என்று கேட்கும். இங்கே கேட்க முடியாது, எதிரில் நிற்பவருக்குப் போன தடவை என்ற ஒன்றே கிடையாது. ஆக, கதையின் முழுப் பாரமும் பார்வையாளரின் ஞாபக சக்தி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

நான்காவது வாரம் புதிதாக ஒருவர் உள்ளே வருகிறார் என்று வையுங்கள். விழித்த மனிதர் எல்லாருக்கும் முன்கூட்டியே பதில் சொல்லிக்கொண்டு, சுடப்போகிறவன் வருமுன் குனிந்துகொண்டு போகிறார். விளங்காது. முதல் வாரம் வந்தவர்கள் உதிரலாம், புதியவர்கள் சேர வழியில்லை. பார்வையாளர் எண்ணிக்கை இறங்க மட்டுமே தெரிந்த ஏற்பாடு அது. 13 எபிசோடில் முடிந்துவிடும், கதைக்கு விடையும் உண்டு என்ற உறுதி இருந்தும், இறங்குகிற எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு ஒரு சானல் பொறுமையாக இருப்பது அபூர்வம்.

நாள் திரும்பத் திரும்ப வந்தாலும் ஹாப்பருக்குப் பட்ட காயம் மட்டும் மறுநாளும் இருக்கிறதாமே? அது ஓட்டை இல்லையா? (திருச்சி வாசகர்)

ஓட்டை இல்லை. தொடரின் முதுகெலும்பே அதுதான்.

டைம் லூப் கதையை எடை போட நாங்கள் பார்ப்பது ஒன்றே ஒன்று. நாள் திரும்பும்போது எது திரும்புவதில்லை? மொத்தமும் துடைக்கப்பட்டால் பயம் போய்விடும். செத்தால் மறுபடி எழுந்துகொள்ளலாம், குண்டடி பட்டால் பரவாயில்லை, யாரையும் காப்பாற்றத் தேவையில்லை. துப்பறியும் கதைக்கு அது விஷம். ‘டே பிரேக்’ இந்த இடத்தில் இரண்டு விதி வைத்தது.

ஒன்று, ஹாப்பரின் உடம்பு. குண்டு பட்டால் அடுத்த ‘அதே காலை’யிலும் புண்ணோடுதான் விழிப்பார். ஆகவே ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடக் கடினமாகிறது. கூடவே ஒரு நடைமுறைச் சிக்கலும் வருகிறது. இரவு நலமாகப் படுத்த மனிதருக்கு விடியும்போது விலாவில் புண் என்றால் பக்கத்தில் படுத்திருக்கும் ரீட்டாவிடம் என்ன சொல்வது? நாயகனுக்குக் காலை முதல் நிமிடத்திலேயே ஒரு பொய் தேவைப்படுகிறது. கதாசிரியருக்கு இது லட்டு.

இரண்டாவது விதி இன்னும் அபூர்வம். ஹாப்பரால் ஒருவர் தன் வாழ்க்கையைப் புரட்டிப் போடும் அளவுக்கு ஒரு முடிவை எடுத்துவிட்டால், நாள் திரும்பிய பிறகும் அந்த மாற்றம் அவரிடம் தங்கிவிடும். ஏன் மாறினோம் என்று அந்த ஆளுக்குத் தெரியாது. ஆனால் அடுத்த சுற்றில் வேறு மாதிரி நடந்துகொள்வார். அதாவது பொருள் திரும்பிவிடும், சம்பவம் திரும்பிவிடும், மனசு திரும்பாது. முடிவு, விளைவு என்ற இரண்டு சொல்லும் தொடர் முழுக்க வந்துகொண்டே இருப்பது இதனால்தான். இதில் ஒரு தந்திர லாபமும் உண்டு. கதை ஒரே இடத்தில் சுற்றினாலும் துணைப் பாத்திரங்கள் எபிசோடுக்கு எபிசோடு வளர்ந்துகொண்டே போகலாம்.

இது மந்திரம் மாதிரி இருக்கிறதே, விளக்கம் உண்டா என்றால், விஞ்ஞான விளக்கம் எதுவும் இல்லை. அதில் எங்களுக்குப் புகாரும் இல்லை. விதி என்னவென்று தெரிந்தால் போதும். விதிக்குக் காரணம் சொல்லப் போனால் பெரும்பாலும் கதை படுத்துவிடும்.

காயம் தங்கும் என்றால் தாடியும் வளர வேண்டும், முடியும் வளர வேண்டும். கவனித்தார்களா? (அதே திருச்சி வாசகர்)

விட மாட்டீர்கள் போலிருக்கிறது! தர்க்கப்படி வளரத்தான் வேண்டும். முப்பது சுற்று போனால் உடம்புக்கு ஒரு மாதம் வயது கூடியிருக்கும். டே டிக்ஸ் மொட்டைத் தலைக்காரர் என்பதால் ஒரு கணக்கு மிச்சம்.

நடந்ததே மறுபடி நடக்கிறது என்றால், எடுத்த காட்சியையே திரும்ப ஒட்டினால் செலவு குறையுமே? டைம் லூப் எடுப்பது மலிவுதானே? (கோயம்புத்தூர் வாசகர்)

பலரும் இப்படித்தான் நினைத்து இறங்குகிறார்கள். இதற்குச் சரியான பதில் 1992-இல் வந்த ஒரு ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ எபிசோடில் இருக்கிறது. பெயர் ‘காஸ் அண்ட் எஃபெக்ட்’. டைட்டில் வருமுன்பே விண்கப்பல் வெடித்துச் சிதறுகிறது. அப்புறம் அதே சீட்டாட்டம், அதே பேச்சு, மறுபடி வெடிப்பு, மறுபடி சீட்டாட்டம். இயக்குநர் ஜோனதன் ஃப்ரேக்ஸ் பழைய துண்டை எடுத்து ஒட்டவில்லை. ஒவ்வொரு சுற்றின் சீட்டாட்டத்தையும் கேமராவை வேறு இடத்தில் வைத்துப் புதிதாக எடுத்தார். வசனம் ஏறக்குறைய ஒன்றுதான், பார்க்கிற கண் மட்டும் வேறு. பார்வையாளர் சானலை மாற்றாமல் இருந்ததற்கு அது முக்கியக் காரணம்.

அந்த எபிசோடிலும் ‘எது திரும்பாது’ என்ற கணக்கைப் பாருங்கள். யாருக்கும் முந்தைய சுற்று நினைவில்லை. கடைசியில் அடுத்த சுற்றுக்கு அனுப்ப முடிவது ஒரே ஒரு செய்தி, மூன்று என்ற எண். அவ்வளவுதான். கப்பலைக் காப்பாற்ற இரண்டு யோசனைகள் இருக்கின்றன. துணைத் தலைவர் ரைக்கர் சொன்ன யோசனைதான் சரியானது. அவர் சட்டைக் காலரில் மூன்று பதவிக் குமிழ்கள். மூன்று என்றால் ரைக்கர். ஒரு முழு எபிசோடையும் ஒற்றை இலக்கத்தில் தொங்கவிட்டார்கள்.

செலவு விஷயத்துக்கு வந்தால், லொகேஷன் எண்ணிக்கை குறையும், அது உண்மை. ஆனால் மிச்சமாகும் பணம் கன்டினியூட்டியில், அதாவது ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் பொருந்தி வரச் செய்வதில், கரைந்துபோகும். அது அடுத்த பதிலில்.

இருபது நிமிடக் குறும்படம் ஒன்று டைம் லூப்பில் எடுக்கப் போகிறோம். ஐந்து பேர், ஒரு கேமரா, ஒரு வீடு, ஒரு தெரு. எதிலிருந்து தொடங்குவது? எங்கே சொதப்பும்? (விஸ்காம் மாணவர்கள், சென்னை)

திரைக்கதையிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு அட்டவணையிலிருந்து தொடங்குங்கள்.

நாயகன் எதுவுமே செய்யாமல் கட்டிலிலேயே படுத்துக் கிடந்தால் அந்த நாள் எப்படிப் போகும்? அதுதான் அடிப்படை நாள். அதை நிமிட வாரியாக எழுதுங்கள், எல்லாப் பாத்திரத்துக்கும். வில்லன் 9:40-க்கு எங்கே, பக்கத்து வீட்டு அம்மா 9:40-க்கு எங்கே, திரையில் வராவிட்டாலும் எழுதுங்கள். இடப்பக்கம் நேரம், மேலே பாத்திரங்களின் பெயர். நாயகன் செய்வதெல்லாம் இந்த அட்டவணையில் அவன் போடும் கீறல். இதைச் செய்யாதவர்கள் வழக்கமாக விழும் குழி ஒன்று உண்டு. இரண்டாவது சுற்றில் நாயகன் அடித்ததற்கு மூன்றாவது சுற்றில் வில்லன் பழிவாங்க வருவான். எப்படி வருவான்? அவனுக்கு அது நடக்கவே இல்லையே.

அடுத்து, சுற்று எப்போது முடியும் என்று முடிவு செய்யுங்கள். தூக்கமா, சாவா, கடிகாரமா? ஒன்றைத்தான் எடுக்கலாம். பிறகு எது தங்கும் என்று எழுதுங்கள். அதுவும் ஒன்று போதும், அதிகபட்சம் இரண்டு.

நேரப் பங்கீடு. இருபது நிமிடத்தில் முதல் சுற்றுக்கு 6 நிமிடம் கொடுங்கள். இரண்டாவதற்கு 4, மூன்றாவதற்கு 3. நான்கும் ஐந்தும் சேர்ந்து 2. தோல்விகளை அடுக்கும் வேகத் தொகுப்பு 1. கடைசிச் சுற்றுக்கு 4. முதல் சுற்றில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். பார்வையாளர் அதை மனப்பாடம் செய்தால்தான் பின்னால் மாறுவது தெரியும். அதேபோல மூன்றாவது சுற்றில் யாரும் புரியாத மாதிரி விழிக்க வேண்டாம், இன்றைய பார்வையாளருக்கு டைம் லூப் பழகிவிட்டது. நாயகன் புரிந்துகொள்வதற்குள் அவர்கள் புரிந்துகொண்டு காத்திருப்பார்கள்.

திரும்பத் திரும்ப வரும் அடையாளச் சம்பவம் நாலைந்து போதும். அவற்றில் பாதியாவது சத்தமாக இருக்கட்டும். குக்கர் விசில், பழைய இரும்பு வாங்குபவரின் ஸ்பீக்கர், மாடியில் ஸ்டூல் இழுபடும் ஒலி. படப்பிடிப்பில் பிடித்த சத்தத்தை நம்பாமல் தனியாக ஒரு முறை சுத்தமாகப் பதிவு செய்து, எடிட்டிங்கில் எல்லாச் சுற்றிலும் அதே துண்டைப் போடுங்கள். படம் வேறு கோணத்தில் மாறிக்கொண்டே இருக்கலாம், ஒலி மட்டும் அச்சு அசலாக இருந்தால் ‘அதே நாள்’ என்று காது நம்பிவிடும். சத்தத்துக்குக் கால்ஷீட்டும் வேண்டாம்.

ஷெட்யூலைச் சுற்று வாரியாகப் போடாமல் இடம் வாரியாகப் போடுங்கள். கட்டிலில் விழிக்கும் ஷாட் ஆறும் ஒரே அரை நாளில் முடிய வேண்டும். இதில் சிக்குவது நடிகர். முதல் விழிப்பும் ஐந்தாவது விழிப்பும் பத்து நிமிட இடைவெளியில் எடுத்தால் இரண்டும் ஒரே முகமாக வரும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் பக்கத்தில் ஒரே வரி எழுதிக் கையில் கொடுங்கள்: ‘இப்போது இவனுக்கு என்ன தெரியும்’. ‘தம்பி செத்தது தெரியும், யார் கொன்றது தெரியாது’ என்பது போல. உணர்ச்சி விளக்கம் வேண்டாம், தகவல் போதும். கிளாப் பலகையில் சுற்று எண்ணைக் காட்சி எண்ணுக்கு முன்னால் எழுதுங்கள்: சு3, காட்சி 12, டேக் 2. இதை விட்டால் எடிட்டிங்கில் எந்தக் கதவுத் திறப்பு எந்தச் சுற்று என்று தெரியாமல் திண்டாடுவீர்கள்.

சட்டை குறைந்தது நான்கு, ஒரே கடையில் ஒரே நேரத்தில் வாங்கியது. சுத்தமானது, வியர்த்தது, ரத்தம் பட்டது, உபரியாக ஒன்று. நான்கையும் ஒன்றாகத் துவையுங்கள். ஒன்றை மட்டும் துவைத்தால் நிறம் இறங்கி, அடுத்தடுத்த ஷாட்டில் பல்லிளிக்கும். சுத்தச் சட்டைக் காட்சிகளை முதலில் முடித்துவிட்டுத்தான் ரத்தப் பாட்டிலைத் திறக்க வேண்டும்.

கடிகாரம் இல்லாத டைம் லூப் இல்லை, சொதப்பாத கடிகாரமும் இல்லை. சிவப்பு எண் ஒளிரும் டிஜிட்டல் கடிகாரங்கள் கேமராவில் துடிக்கும், சில எண்கள் பாதி அணைந்து தெரியும். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்து முதலில் சோதித்துப் பாருங்கள். அப்போதும் துடித்தால் கடிகாரத்தை மாற்றுவதுதான் வழி. நிமிடம் புரளும் ஷாட் வேண்டுமென்றால், கடிகாரத்தில் அதற்கு முந்தைய நிமிடத்தை வைத்துவிட்டு ஒன்றேகால் நிமிடம் கேமராவை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். ‘டே பிரேக்’கிலும் அந்தக் கடிகாரம் ஆறேகாலைத் தாண்டிப் புரளும் ஷாட்தான் முத்திரை.

வெளிச்சம். கதைப்படி ஒரே காலை, ஆகவே ஜன்னல் வெயில் எல்லாச் சுற்றிலும் ஒரே இடத்தில் விழ வேண்டும். இயற்கை வெயிலை நம்பினால் முக்கால் மணி நேரத்தில் தரையில் விழும் பட்டை நகர்ந்திருக்கும், மறுநாள் மேகம் வரும். ஜன்னலுக்கு வெளியே லைட்டைக் கட்டி, முன்னால் வெள்ளைத் துணி போட்டு, திரையை முக்கால் மூடிவிடுங்கள். உங்கள் சூரியன் உங்கள் கையில்.

தங்கும் காயம் வைக்கப் போகிறீர்கள் என்றால் மேக்கப்பில் ஒரு நுணுக்கம். உலகத்துக்குத்தான் அதே நாள், காயத்துக்கு நாள் ஓடும். அடிபட்ட இடம் முதலில் சிவந்து, ஒன்றிரண்டு நாளில் கருநீலமாகி, ஐந்தாறு நாளில் பச்சை தட்டி, அப்புறம் மஞ்சளாகி மறையும். ஆகவே இரண்டாவது சுற்றில் நீலம், ஆறாவதில் பச்சை. எந்தச் சுற்று என்று எழுத்துப் போட வேண்டியதே இல்லை, கன்னத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கடைசியாக, ஆர்ட் ஆள் இல்லாத சின்னக் குழுக்களைக் கவிழ்ப்பவை: பாதி குடித்த டம்ளர், கடித்த பிஸ்கட், கிழித்த தினசரிக் காலண்டர், பேப்பரின் தேதி, செல்போன் திரையின் தேதியும் சார்ஜ் அளவும். அறையை அடிப்படை நிலையில் ஒரு முறை வீடியோவாக எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் போட்டுப் பாருங்கள். போட்டோ போதாது, மூலைகள் தப்பிவிடும். பின்னணியில் நடந்துபோகிறவர்கள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். அவர்களும் ஒவ்வொரு சுற்றிலும் அதே நொடியில் அதே காலை எடுத்து வைக்க வேண்டும், நினைவிருக்கட்டும்.

விஞ்ஞானப்படி டைம் லூப் சாத்தியமா? (தஞ்சாவூர் வாசகி)

காலம் வளைந்து தன்னையே தொடும் பாதைகள் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குள் அடங்கும் என்று 1949-இல் கணித மேதை குர்ட் கோடெல் காட்டினார். ஆனால் அந்தப் பாதையில் போகிறவருக்கு ‘இரண்டாவது தடவை’ கிடையாது. நடந்தது ஒரே முறைதான், வளையமாக நடந்தது, அவ்வளவே. நினைவை வைத்துக்கொண்டு வேறு மாதிரி செய்து பார்ப்பதெல்லாம் கதாசிரியர்களின் கொடை.

‘மாநாடு’ மாதிரி வில்லனுக்கும் ஞாபகம் இருக்கிற விஷயம் ‘டே பிரேக்’கில் உண்டா? (சேலம் வாசகர்)

2021 நவம்பரில் வந்த ‘மாநாடு’ இந்த வகைக்குச் செய்த நல்ல காரியம் அதுதான். எஸ்.ஜே.சூர்யாவின் பாத்திரமும் சுற்றுக்குள் வந்ததும், நாயகனுக்கு இருந்த ஒரே சாதகம் பறிபோகிறது. பாதிப் படத்துக்கு மேல் தாங்கியது அந்த இழுபறி.

‘டே பிரேக்’கில் அப்படி ஒரு வில்லன் இல்லை. ஆனால் ஹாப்பரைப் போலவே நாள் திரும்புவதை உணரும் இன்னொரு மனிதர் வருகிறார். அவர் வரும் ஒன்பதாவது எபிசோடின் தலைப்பே ‘அவன் தனியாள் இல்லையென்றால்?’ என்ற பொருளில்தான். முதல் எபிசோடைத் தவிர்த்து மற்ற பன்னிரண்டு தலைப்புமே ‘ஒருவேளை இப்படி ஆனால்?’ என்ற கேள்விகள். சானலில் ஆறோடு நின்றதால் புதன்கிழமை பார்வையாளர்கள் இந்த ஒன்பதாவது எபிசோடைப் பார்க்கவே இல்லை.

இப்போது பார்க்க உட்கார்ந்தால் எப்படிப் பார்ப்பது? (புதுச்சேரி வாசகர்)

2008-இல் வந்த டிவிடி தொகுப்பில் 13 எபிசோடும் உண்டு. ஒவ்வொன்றும் விளம்பரம் நீங்கலாக ஏறக்குறைய 42 நிமிடம், மொத்தம் ஒன்பது மணி நேரம். வாரம் ஒன்றாகப் பார்க்காதீர்கள், அது தொடரைக் கொன்ற முறை. இரவுக்கு இரண்டு வீதம் ஒரு வாரத்தில் முடித்துவிடுங்கள். முதல் இரண்டையும் கட்டாயம் ஒரே உட்காரலில். முதல் எபிசோடு பொறியைத்தான் காட்டும். அதில் மாட்டியவர் எப்படி யோசிப்பார் என்பது இரண்டாவதில்தான் தெரியவரும்.

ஒரு துண்டுத் தாளில் ஆறு பெயர் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். ரீட்டா, காதலி. ஜெனிஃபர், ஹாப்பரின் சகோதரி. ஆண்ட்ரியா, இப்போதைய போலீஸ் கூட்டாளி. டேமியன், கும்பலிலிருந்து தகவல் தருகிறவன். சாட், மேலே சொன்ன மும்முனைப் பகையாளி. ஸ்பிவாக், கொலையை விசாரிப்பவர். நடுவில் நான்கைந்து எபிசோடு சதி வலை அகலமாகப் போய் கொஞ்சம் சலிக்கும். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் இன்னொரு கதவு வைப்பது அந்தக் காலத் தொடர்களின் வியாதி. அங்கே கொலைக் கணக்கை விட்டுவிட்டு, மேலே சொன்ன இரண்டாவது விதியைக் கவனியுங்கள்: யாரிடம் எது தங்கியிருக்கிறது?

இன்று எடுத்தால் ஓடுமா? (ஈரோடு வாசகர்)

மொத்தமாக ஒரே நாளில் வெளியிட்டால் ஓடும் என்றுதான் நினைக்கிறோம். 2019-இல் நெட்ஃபிளிக்ஸ் ‘ரஷ்யன் டால்’ முதல் சீசனின் எட்டு எபிசோடையும் ஒன்றாகத்தான் இறக்கியது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மணி நேரம். அங்கே தங்குவது அழிவு. சுற்றுக்குச் சுற்று பழம் அழுகும், ஆட்கள் காணாமல் போவார்கள். 2022-இல் சீனாவில் வந்த ‘ரீசெட்’ 15 எபிசோடு. ஒரு பேருந்து வெடிப்பு, சுற்றில் மாட்டிய இரண்டு பேர். ஒருவருக்குப் பதில் இருவர் மாட்டியதால் அவர்களுக்குள் பேசிக்கொண்டே பார்வையாளருக்கும் கணக்கு சொல்லிவிட முடிந்தது. ஹாப்பருக்குக் கிடைக்காத வசதி இது.

‘டே பிரேக்’கில் நடித்தவர்கள், எழுதியவர்கள் பிறகு என்ன ஆனார்கள்? (நாகர்கோவில் வாசகி)

ஸ்பிஷெவ்ஸ்கி பிறகு ‘லாஸ்ட்’டுக்கே எழுதப் போனார்! தயாரிப்பாளர்களில் ஒருவரான ஜெஃப்ரி பெல் ‘ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்ட்’ தொடரின் பொறுப்பாளர்களில் ஒருவரானார். அதன் கடைசி சீசனில், 2020-இல், ஒரு டைம் லூப் எபிசோடு உண்டு. டே டிக்ஸ் மறு ஆண்டே ‘பிரைவேட் பிராக்டிஸ்’ என்ற மருத்துவத் தொடரில் சேர்ந்து பல ஆண்டு ஓடினார். மூன் பிளட்குட் 2007-இல் என்பிசியின் ‘ஜர்னிமேன்’ தொடரில் நடித்தார். அதுவும் காலப் பயணக் கதை, அதுவும் 13 எபிசோடு, அதற்கும் இரண்டாவது சீசன் கிடைக்கவில்லை. ஆனால் அங்கே 13-ஐயும் சானலிலேயே போட்டு முடித்தார்கள்.